வியர்வைக்குத் தாங்கும் பூச்சு

இடுப்பில் மறைத்துச் சுமக்கும் பிஸ்டலில் துரு முதலில் எங்கே பிடிக்கும் என்று கேட்டால் பெரும்பாலோர் பேரலைச் சொல்வார்கள். பேரலின் பெரும்பகுதி ஸ்லைடுக்குள் ஒளிந்திருக்கிறது. துரு பிடிப்பது உடம்பை ஒட்டி உட்காரும் பக்கத்தில்தான். ஸ்லைடின் பின்முனையில் விரல் பிடிமானத்துக்காக வெட்டிய வரிப்பள்ளங்கள், பின்குறியின் அடிவிளிம்பு, கைப்பிடித் தகட்டின் திருகுத் தலைகள், மேகசினை விடுவிக்கும் பொத்தானைச் சுற்றியுள்ள இடுக்கு. வலது இடுப்பில் சுமப்பவருக்கு இவை துப்பாக்கியின் இடப்பக்கத்தில் விழும். மேசையில் வைத்த துப்பாக்கியைப் பார்த்தே அதை எந்த இடுப்பில், எவ்வளவு காலமாகச் சுமந்திருக்கிறார்கள் என்று என்னால் சொல்லிவிட முடியும். துரு அப்படி வெளிப்படையாக எழுதி வைத்திருக்கும்.

டெக்சஸ் மாநிலம் ஹூஸ்டனில் முலாம் வேலை பார்ப்பவன் நான். படித்தது காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் கொடுத்து உருவான மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில். அங்கே அரிமானம் என்று நாங்கள் படித்ததெல்லாம் பாலம், கப்பல், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி பற்றித்தான். ஹூஸ்டனுக்கு வந்தபின் எண்ணெய்க் கிணற்று வால்வுகளுக்கு நிக்கலும் ஹைட்ராலிக் தண்டுகளுக்கு ஹார்டு குரோமும் போடும் பட்டறையில் சேர்ந்தேன். அங்கிருந்த ஃபோர்மேன் வாரக் கடைசியில் துப்பாக்கிகளுக்கும் முலாம் போடுவார். அவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டதுதான் பிற்பாடு என் முழுநேரத் தொழிலாயிற்று.

இந்த ஊரில் அந்தத் தொழிலுக்குக் காரணம் இரண்டு. ஒன்று சட்டம். மறைத்துச் சுமக்க உரிமம் கொடுக்கும் சட்டத்தில் ஆளுநராயிருந்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 1995-இல் கையெழுத்திட்டார், அடுத்த ஆண்டு அது நடைமுறைக்கு வந்தது. 2021 செப்டம்பர் முதல், சட்டத் தடை ஏதும் இல்லாத, 21 வயது நிரம்பியவர்களுக்கு அந்த உரிமமும் தேவையில்லை என்றாகிவிட்டது. மற்றொன்று காற்று. ஹூஸ்டனில் விடிகாலை ஈரப்பதம் 90 சதவிகிதத்தைத் தொடும். தென்கிழக்கே 80 கிலோமீட்டரில் கால்வெஸ்டன், அதற்கப்பால் மெக்சிகோ வளைகுடா. கோடையில் சட்டைக்குள் இரும்பை வைத்துக்கொண்டு அலைபவர்களின் ஊர் இது.

வியர்வையை உப்புத் தண்ணீர் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. சோடியம் குளோரைடோடு லாக்டிக் அமிலமும் யூரியாவும் அதில் இருக்கின்றன. பெரும்பாலும் அமிலப் பக்கம் சாய்ந்தது, பி.எச். அளவில் 4.5-லிருந்து 7 வரை போகும். இரும்பின் மேல் இயல்பாக உருவாகும் மெல்லிய காப்புப் படலத்தைக் குளோரைடு அயனி ஓரிடத்தில் உடைத்துவிட்டால் போதும், அந்த ஒரு புள்ளியிலேயே அரிப்பு கீழ்நோக்கி இறங்கும். பரவலாகச் சிவக்கும் துருவை எண்ணெயும் மெல்லிய இரும்புப் பஞ்சும் கொண்டு எடுத்துவிடலாம். புள்ளியாக இறங்கிய குழியை எடுக்க முடியாது, சுற்றியுள்ள உலோகத்தைத் தேய்த்துத் தாழ்த்தத்தான் வேண்டும்.

வியர்வை ஆளுக்கு ஆள் மாறும் என்பதைப் பூச்சு விற்பவர்கள் போதுமான அளவு சொல்வதில்லை. நுணுக்கமான உருக்கு வேலை நடக்கும் ஆலைகளில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று உண்டு: சிலர் தொட்ட பாகத்தில் மறுநாள் காலையில் விரல்ரேகை துருவாக எழுந்து நிற்கும், பக்கத்து மேசைக்காரர் தொட்டதற்கு ஒன்றும் ஆகாது. அதனால் என்னிடம் வருபவர்களிடம் முதலில் துப்பாக்கியைப் பற்றிக் கேட்பதில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொல்லிப் பின்மூடியைப் பார்ப்பேன். பெல்ட் பக்கிளைப் பார்ப்பேன். எந்த இடத்தில் சுமக்கிறீர்கள், தோலுக்கும் உறைக்கும் நடுவே பனியன் இருக்கிறதா, இரவில் அதை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்பேன். வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கவனிக்கும் ஒரு செவிலியர் வந்திருந்தார். நாளெல்லாம் காரிலும் மாடிப்படியிலும் அவருக்கு வேலை. அவர் துப்பாக்கிக்கு நான் சொன்னதும், நாள் முழுக்கக் குளிரூட்டிய அலுவலகத்தில் இருக்கும் ஒருவருக்குச் சொன்னதும் ஒன்றல்ல. இருவர் கையிலும் இருந்தது ஒரே மாடல்.

பழைய பூச்சிலிருந்து வருகிறேன். நீலம் பாய்ச்சிய துப்பாக்கியின் அழகுக்கு இன்றுவரை ஈடு கிடையாது. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட்டும் கலந்த தொட்டியை 140 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கொதிக்கவிட்டு மெருகேற்றிய உருக்கை இறக்கினால், மேற்பரப்பு மேக்னடைட் என்ற கருநீல ஆக்சைடாக மாறும். அதன் கனம் ஏறத்தாழ ஒரு மைக்ரான். அது துருவைத் தடுக்கும் சுவர் அல்ல, எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு தளம், அவ்வளவே. எண்ணெய் போனால் காப்பும் போய்விடும். தொட்டியின் உப்பு இடுக்குகளில் தங்கிவிட்டால் சில வாரம் கழித்து வெள்ளையாகப் பூத்து வெளியே வந்து அந்த இடத்தையே அரிக்கும். ஆகவே நீலம் பாய்ச்சிய பிறகு கொதிநீரில் நெடுநேரம் போட்டு வைப்பேன். அவசரக் கடைகள் தவிர்க்கும் வேலை இது. தாத்தாவின் ரிவால்வருக்கு, அலமாரியில் இருக்கப்போகும் துப்பாக்கிக்கு நீலம் பாய்ச்சித் தருகிறேன். வியர்வையில் கிடக்கப்போவதற்கு நீலம் கேட்டால் மறுத்துவிடுவேன்.

பார்க்கரைசிங் என்று அழைக்கப்படும் ஃபாஸ்பேட் பூச்சு சற்று மேல். 1906-இல் இங்கிலாந்தில் தாமஸ் வாட்ஸ் காஸ்லெட் காப்புரிமை கேட்ட முறையிலிருந்து வளர்ந்தது. 1915-இல் டெட்ராய்ட்டில் பார்க்கர் ரஸ்ட் ப்ரூஃப் கம்பெனி தொடங்கியபின் உலகெங்கும் பரவியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்கள் இடுப்பில் இருந்த எம்1911ஏ1 பிஸ்டல்களின் மங்கிய சாம்பல் நிறம் இதுதான். படிகம் படிகமாக, சொரசொரப்பாக இருக்கும். அந்தச் சொரசொரப்பே அதன் பலம்: நீலத்தைவிடப் பல மடங்கு எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். காய்ந்த ஃபாஸ்பேட் ஒரே வாரத்தில் சிவந்துவிடும். இன்று இதை நான் தனிப்பூச்சாகப் போடுவது குறைவு, மேலே வரும் பெயின்டுக்கு அடித்தளமாகப் போடுவதுதான் அதிகம். அந்த வேலைக்கு இதைவிட நல்ல தளம் எனக்குத் தெரியாது.

நிக்கல் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். என் தொழிலின் பெரும்பகுதி அதில்தான் கழிந்தது. மின்சாரம் இல்லாமல் வேதிவினையாலேயே நிக்கல் படியவைக்கும் முறையை 1946-இல் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் அப்னர் பிரென்னரும் கிரேஸ் ரிடெல்லும் கண்டறிந்தார்கள். மின்முலாத்தில் மின்னோட்டம் மேடான இடங்களைத் தேடிப் போகும். விளிம்புகள் தடிக்கும், குழிகள் மெலியும். வேதி முலாத்துக்கு அந்தக் குறை இல்லை. 90 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் தொட்டியில் திரவம் எங்கெல்லாம் தொடுகிறதோ அங்கெல்லாம் மணிக்குப் பத்து மைக்ரான் போல ஒரே கனத்தில் ஏறும். ஸ்லைடின் உட்புறம், ஸ்பிரிங் ஓடும் குழி, ஊசி போகும் துளையின் வாய் எல்லாம் ஒரே சீராக மூடப்படும். மறைந்த இடங்களில்தான் வியர்வை தங்கும் என்பதால் இது பெரிய ஆதாயம்.

ஆனால் நிக்கல் என்று பெயர் சொன்னால் போதாது, பாஸ்பரஸ் எவ்வளவு என்று கேட்க வேண்டும். பத்து சதவிகிதத்துக்கு மேல் பாஸ்பரஸ் உள்ள நிக்கலில் படிக எல்லைகள் இருக்காது, கண்ணாடியைப் போன்ற உள்ளமைப்பு அது. அரிப்பு நுழைய வழி குறைவு. பாஸ்பரஸ் குறைந்த நிக்கல் கடினமாக இருக்கும், உப்புக்கு அவ்வளவு தாங்காது. எண்ணெய்க் கிணற்று வால்வுகளுக்கு நாங்கள் போட்டது அதிக பாஸ்பரஸ் நிக்கல். துப்பாக்கிக்கும் அதையே போடுகிறேன்.

அதிலும் ஓர் ஆபத்து உண்டு. இரும்பைவிட நிக்கல் மின்வேதி வரிசையில் மேன்மையானது. துத்தநாகம் பூசிய இரும்பில் கீறல் விழுந்தால் துத்தநாகம் தன்னை அரித்துக்கொடுத்து இரும்பைக் காக்கும். நிக்கலில் கீறல் விழுந்தால் நடப்பது தலைகீழ்: பெரிய நிக்கல் பரப்பு முழுவதும் சேர்ந்து, அந்தச் சிறு துளையில் தெரியும் இரும்பை வேகமாக அரிக்கும். ஊசிமுனைத் துளை ஒன்று போதும், அடியில் குழி பறிந்து முலாம் கொப்புளித்து எழும். அதனால் கனம் முக்கியம். மெல்லிய நிக்கல் போட்டுத் தருகிறேன், விலை குறைவு என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். பழைய மின்முலாம் பூசிய துப்பாக்கிகளில் வேறு சிக்கல். நிக்கலுக்கு அடியில் செம்புப் படலம் இருக்கக்கூடும். அம்மோனியா கலந்த பேரல் துப்புரவுத் திரவம் செம்பைக் கரைக்கும். அது ஒரு கீறல் வழியாக உள்ளே போனால் முலாம் தகடு தகடாக உரியும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். தோலில் நேரே படும் இடத்தில் நிக்கல் இருந்தால் அவர்களுக்கு அரிப்பு எடுக்கும். இதையும் கேட்டுவிட்டுத்தான் தொட்டியில் இறக்குவேன்.

நிக்கலோடு டெஃப்லான் துகள் கலந்த முலாமும் பிரபலம். வழவழப்பு அருமை, சுட்ட கரியைத் துணியால் துடைத்தாலே போய்விடும். எனினும் டெஃப்லான் துகள்கள் நிக்கலின் தொடர்ச்சியை அறுக்கின்றன. வியர்வை அதிகமுள்ளவருக்கு அடியில் சுத்தமான அதிக பாஸ்பரஸ் நிக்கல் ஒரு படலம் போட்டு, அதற்கு மேல்தான் டெஃப்லான் நிக்கலைப் போடுவேன்.

ஹார்டு குரோம் என் ஃபோர்மேனின் உயிர். குரோமிக் அமிலமும் அதில் நூற்றில் ஒரு பங்கு கந்தக அமிலமும், 55 டிகிரிச் சூடும். மேலே வருவது அரத்தால் தேய்த்தாலும் வழுக்கிப் போகும் அளவுக்குக் கெட்டியான உலோகம். ஆனால் அந்தக் கெட்டிப் படலம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள். தேய்மானத்துக்கு அதற்கு நிகர் குறைவு. மெல்லியதாகப் போட்டால் உப்புத் தண்ணீர் விரிசல் வழியே இரும்பைச் சென்றடையும். இன்னொன்றும் உண்டு. குரோம் தொட்டியில் வேலை நடக்கும்போது ஹைட்ரஜன் உருக்குக்குள் புகுந்துவிடும். கெட்டியான உருக்கு அதனால் நொறுங்கும் தன்மை பெறும். முலாம் முடிந்த நான்கு மணி நேரத்துக்குள் 190 டிகிரி அடுப்பில் வைத்துப் பல மணி நேரம் சுட்டு அந்த ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். ஃபோர்மேன் அந்த அடுப்பின் கதவில் நேரத்தைச் சாக்பீஸால் எழுதி வைப்பார். ஸ்பிரிங்குகளைத் தொட்டியில் போடவே விடமாட்டார். சிறு ஸ்பிரிங்குக்கும் முலாம் வேண்டும் என்று வாடிக்கையாளர் கெஞ்சினால், "அது உடையும் நேரத்தை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது" என்பார்.

அந்தத் தொட்டியின் மேலே எழும் ஆறிணைதிறக் குரோமிய ஆவி புற்றுநோய் தருவது. வேலையிடக் காற்றில் ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு நிர்வாகம் 2006-இல் வரம்பு கட்டியது. அதற்கு முன்பு மூக்கின் நடுத்தண்டு ஓட்டை விழுந்த முலாம்காரர்கள் இந்தத் தொழிலில் எல்லா நாட்டிலும் இருந்தார்கள். காற்றை உறிஞ்சும் ஏற்பாடு இல்லாத இடத்தில் குரோம் போடும் வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள் என்று தமிழ்நாட்டுப் பட்டறைச் சொந்தங்களுக்கும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் சுகர்லாண்டில் இருக்கும் நம்மூர்த் தம்பி ஒருவர் துருப்புள்ளி விழுந்த ஸ்டெயின்லெஸ் ஸ்லைடைக் கொண்டுவந்தார். "ஸ்டெயின்லெஸ்தானே அண்ணா, இது எப்படித் துருப்பிடிக்கும்?" என்று கேட்டார். 1965-இல் ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 60 ரிவால்வரை வெளியிட்டதிலிருந்து, ஸ்டெயின்லெஸ் வாங்கிவிட்டால் துருவை மறந்துவிடலாம் என்ற எண்ணம் பரவிவிட்டது. சமையலறைப் பாத்திரத்தின் ஸ்டெயின்லெஸ் வேறு, துப்பாக்கி ஸ்லைடின் ஸ்டெயின்லெஸ் வேறு. ஸ்லைடுக்கு வெப்பத்தில் கெட்டிப்படும் வகை வேண்டும். அதிகம் பயன்படும் 416 வகையில் குரோமியம் 12 முதல் 14 சதவிகிதம், நிக்கல் இல்லை. வெட்டுவதற்கு எளிதாக இருக்க வேண்டுமென்று கந்தகம் சேர்த்திருப்பார்கள். அந்தக் கந்தகம் மாங்கனீஸோடு சேர்ந்து இழை இழையாக உள்ளே கிடக்கும். குளோரைடு முதலில் கைவைப்பது அந்த இழைகளில்தான்.

தம்பியின் ஸ்லைடில் இன்னொரு காரணமும் இருந்தது. யாரோ ஒருவர் அதை மங்கலாக்க மணல்வீச்சு செய்திருந்தார். அதே வீச்சுப் பெட்டியில் முன்பு சாதா இரும்பை அடித்திருந்தால், இரும்புத் துகள் மணலோடு கலந்து ஸ்டெயின்லெஸ்ஸின் முகத்தில் பதிந்துவிடும். பதிந்த இரும்புதான் முதலில் சிவக்கும். சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து அந்த இரும்பைக் கரைத்தெடுத்து, குரோமியத்தைத் தன் காப்புப் படலத்தை மீண்டும் கட்ட விட்டோம். புதுப்பூச்சு எதுவும் போடாமலேயே அந்த ஸ்லைடு சரியாயிற்று. என் பட்டறையில் ஸ்டெயின்லெஸ்ஸுக்கென்று தனி வீச்சுப் பெட்டி இருக்கிறது, அதில் வேறு எதையும் வைக்க யாருக்கும் அனுமதி இல்லை.

இனி நான் அதிகம் பரிந்துரைப்பதற்கு வருகிறேன். பூச்சே இல்லாத பூச்சு அது. உருக்கை 580 டிகிரிப் பக்கம் சூடான சயனேட் உப்புக் குளியலில் வைத்தால் நைட்ரஜனும் கார்பனும் மேற்பரப்புக்குள் ஊடுருவி, 10 முதல் 20 மைக்ரான் வரை இரும்பு நைட்ரைடு படலம் உருவாகும். அதற்குக் கீழே நைட்ரஜன் கரைந்த பகுதி இன்னும் ஆழமாகப் போகும். பிறகு ஆக்சிஜனேற்றும் உப்பில் குளிர்வித்து, மெருகேற்றி, மறுபடியும் அதே உப்பில் இறக்கினால் கருப்பு நிறம் வரும். டெனிஃபர், மெலோனைட் என்று வணிகப் பெயர்கள் பல. 1980-களில் ஆஸ்திரியாவின் க்ளாக் பிஸ்டல்கள் இந்த முறையைத் துப்பாக்கி உலகம் முழுக்கத் தெரிய வைத்தன. கருப்பு நிறம் தேய்ந்து சாம்பல் தெரிந்த பிறகும் அந்த ஸ்லைடுகள் துருவைத் தாங்கும். காப்பது மேலே ஒட்டிய வண்ணம் அல்ல, மாறிவிட்ட உருக்கே. உரிய எதுவும் இல்லை. அளவும் மைக்ரான் கணக்கில்தான் கூடும், ஸ்லைடு தண்டவாளத்தில் இறுகாது.

எல்லாத் துப்பாக்கிக்கும் இது ஆகாது. 580 டிகிரிக்குக் கீழே பதம் பார்த்த பாகங்கள் இந்தக் குளியலில் மென்மையாகிவிடும். ஸ்பிரிங் போகவே கூடாது. ஈயப் பற்றாசால் ஒட்டிய முன்குறி உருகி விழுந்துவிடும். அலுமினிய ஃபிரேமை உள்ளே விடமுடியாது. ஸ்டெயின்லெஸ்ஸில் செய்தால் குரோமியம் நைட்ரஜனோடு சேர்ந்துவிடும். ஸ்டெயின்லெஸ்ஸுக்கே உரிய தற்காப்பு அந்த மேற்பரப்பில் குறைந்து, ஆக்சைடையும் எண்ணெயையும் நம்பித்தான் அது நிற்கும். ஆகவே அடிப்படை உலோகம் எது, தயாரிப்பாளர் அதை எந்த வெப்பத்தில் பதம் பார்த்தார் என்று தெரியாமல் நான் ஒரு ஸ்லைடையும் உப்புக் குளியலுக்கு அனுப்புவதில்லை.

செராகோட் எனப்படும் பீங்கான்-பாலிமர் பூச்சு இன்று எங்கும் இருக்கிறது. ஓரிகன் மாநில நிறுவனம் ஒன்றின் தயாரிப்பு அது. நிறம் எது வேண்டுமானாலும் கிடைக்கும், ஏறத்தாழ 25 மைக்ரான் கனம், அடுப்பில் 121 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் இறுகிவிடும். ஒழுங்காகப் போட்டால் உப்புக்கு மிக நன்றாகத் தாங்கும். அந்த "ஒழுங்காக" என்ற இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. வாசல் பெருக்கித் தெளிக்காமல் கோலம் போட முடியாது. பாகத்தை அசிட்டோனில் ஊறவைத்து எண்ணெயெடுத்து, அடுப்பில் சூடாக்கி, துளைகளில் ஒளிந்திருக்கும் எண்ணெய் வியர்த்து வெளியே வருகிறதா என்று பார்த்து, வந்தால் திரும்பவும் ஊறவைத்து, பிறகு 100 கிரிட் அலுமினியம் ஆக்சைடால் அடித்து, அதன்பின் வெறுங்கையால் தொடாமல் ஸ்பிரே செய்ய வேண்டும். வாடிக்கையாளர் பார்ப்பது கடைசி அரைமணி நேர ஸ்பிரேயை. அவர் பணம் கொடுக்க வேண்டியது அதற்கு முந்தைய நாளின் வேலைக்கு. ஒளிரும் இரவுக்குறிகளைச் சூடேற்றும் முன் கழற்றிவிட வேண்டும். தண்டவாளங்களில் கனம் கூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இரண்டு பக்கமும் 25 மைக்ரான் ஏறினால் இடைவெளி 50 மைக்ரான் குறைந்துவிடும்.

செராகோட் ஒரு திரை. கீறல் இரும்புவரை போனால் அந்தக் கோட்டில் துரு வரும், திரைக்கு அடியில் பக்கவாட்டிலும் ஊரும். அதனால்தான் கால்வெஸ்டன் படகுத்துறையில் வேலை செய்யும் வழிகாட்டி ஒருவருக்கு ஃபாஸ்பேட்டின் மேல் செராகோட் போட்டுக் கொடுத்தேன். மேலே கீறினாலும் அடியில் ஒரு தளம் நிற்கும். நைட்ரைடு செய்த ஸ்லைடின் மேல் போட்டால் இன்னும் நல்லது.

வைரம் போன்ற கார்பன் பூச்சு, டி.எல்.சி., வெற்றிட அறையில் போடுவது. சில மைக்ரான் கனம்தான், கடினம் அபாரம். தேய்மானத்துக்காக அதை விரும்புங்கள். துருவைப் பொறுத்தவரை அதன் நுண்துளைகளுக்கு அடியில் என்ன உலோகம் இருக்கிறதோ அதுதான் விடை. அலுமினிய ஃபிரேமுக்கு ஹார்டு அனோடைசிங் போதும், அதை யாரும் மாற்ற வேண்டியதில்லை. அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் திருகும் தொடும் இடத்தில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் இருக்கட்டும்.

பூச்சு விற்பவர்கள் எல்லோரும் உப்புத்தெளிப்புச் சோதனையின் மணிக்கணக்கை முன்னால் வைப்பார்கள். ஏ.எஸ்.டி.எம். பி117 என்ற அந்தச் சோதனை 1939 முதல் இருக்கிறது. ஐந்து சதவிகித உப்புக் கரைசல், 35 டிகிரி, இடைவிடாத பனித்தூவல், நடுநிலைக்குப் பக்கத்தில் பி.எச். ஒரே பட்டறையில் நேற்றைய தொட்டியும் இன்றைய தொட்டியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க அதைவிட நல்ல கருவி இல்லை. நானும் அதற்காக வைத்திருக்கிறேன். அந்த மணிக்கணக்கு இடுப்பில் எத்தனை ஆண்டு என்று சொல்லாது. அந்தப் பெட்டிக்குள் லாக்டிக் அமிலம் இல்லை. நனைந்து காய்ந்து நனையும் சுழற்சி இல்லை. உறையின் உரசல் இல்லை. இடுக்கில் மாட்டிய பனியன் நூல் இல்லை. தட்டையான சோதனைத் தகட்டில் பெற்ற எண்ணைத் துளையும் பள்ளமும் உள்ள ஸ்லைடுக்குப் பொருத்திப் பேசுவதை நான் ஏற்பதே இல்லை. எத்தனை மணி என்று கேட்காதீர்கள், எந்த உலோகத்தில், என்ன கனத்தில், அடியில் என்ன தயாரிப்பு என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வேலையைக் கொடுங்கள்.

பெரும் பணம் கொடுத்து ஸ்லைடுக்குப் பூச்சுப் போட்டவர்கள் சிறு பாகங்களை மறந்துவிடுகிறார்கள். ஸ்லைடு நிறுத்தி, மேகசின் பொத்தான், பின்கள், குறிகளின் திருகுகள், ஷெல்லை இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி. துப்பாக்கி வேலை செய்யாமல் போவது பளபளக்கும் ஸ்லைடு துருப்பிடித்ததால் அல்ல, எக்ஸ்ட்ராக்டரின் சிறு ஸ்பிரிங் துருவேறி இறுகியதால். ஸ்பிரிங்குக்கு முலாம் கூடாது என்று சொன்னேன். அதற்கு வழி எண்ணெயும், காலம் பார்த்து மாற்றுவதும்தான். விலை மிகக் குறைவு. மேகசினின் மேல் தோட்டாவும் அப்படியே, வியர்வையில் பச்சை பூத்த பித்தளையை மறுபடி அறையில் ஏற்றாதீர்கள்.

உறையும் பூச்சின் ஒரு பாதி. தோல் உறை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட அமிலமும் உப்பும் அதில் மிச்சமிருக்கும். சுமக்கும்போது இதமாக இருக்கும், ஆனால் இரவில் அதற்குள்ளேயே துப்பாக்கியை விட்டுவைத்தால் எந்தப் பூச்சும் தோற்கும். கைடெக்ஸ் பிளாஸ்டிக் உறை ஈரத்தைக் குடிக்காது. அதற்குள் மணல் புகுந்தால் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அரம் போலத் தேய்க்கும். தோல் உறைக்காரருக்கு நிக்கல் அல்லது நைட்ரைடு, பிளாஸ்டிக் உறைக்காரருக்கு நைட்ரைடு. செராகோட்டை மட்டும் நம்பிப் பிளாஸ்டிக் உறையில் சுமந்தால் ஓரங்களில் ஓராண்டில் இரும்பு தெரியத் தொடங்கும்.

வாங்கும் கடைக்கு வெளியே எங்கே கொடுத்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். துப்பாக்கியை இரவு தங்கவைத்து வேலை செய்பவரிடம் அமெரிக்கக் கூட்டரசின் துப்பாக்கி உரிமம் இருக்க வேண்டும், அவர் தன் பதிவேட்டில் வரவு எழுத வேண்டும். தொடர் எண்ணை மெருகேற்றும் சக்கரமோ வீச்சு மணலோ அழித்துவிட்டால் அது கூட்டரசுச் சட்டப்படிக் குற்றம். 2002-க்குப் பின் தயாரான துப்பாக்கிகளில் அந்த எண் குறைந்தது 0.003 அங்குலம், அதாவது சுமார் 76 மைக்ரான் ஆழம் பொறிக்கப்பட வேண்டும் என்பது விதி. 25 மைக்ரான் பூச்சு அதை மூடாது. ஆனால் பழைய துப்பாக்கியில் எண் ஆழமின்றி இருக்கும். அதன் மேல் நாடா ஒட்டி மறைத்த பிறகுதான் நான் வீச்சுப் பெட்டியையே திறப்பேன்.

செவிலியரின் துப்பாக்கிக்கு என்ன செய்தேன் என்று சொல்லவில்லை. அவருடையது கார்பன் உருக்கு ஸ்லைடு, வியர்வை கடுமையான உடம்பு, பிளாஸ்டிக் உறை. ஸ்லைடையும் பேரலையும் உப்புக் குளியலுக்கு அனுப்பினேன். சிறு பாகங்களில் நிக்கல் தாங்கக்கூடியவற்றுக்கு அதிக பாஸ்பரஸ் நிக்கல். ஸ்பிரிங்குகள் எல்லாம் புதியவை. மேலே வண்ணம் எதுவும் வேண்டாம் என்று நானே தடுத்தேன். வீட்டுக்குப் போனதும் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்து, மேகசினைக் கழற்றி, அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, உடம்புப் பக்கத்தை எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் ஒருமுறை துடைத்து வைக்கச் சொன்னேன். கோடையில் தினமும், குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை.

நீங்களும் பூச்சுக்குக் கொண்டு வரும்போது துப்பாக்கியைக் காலியாகக் கொண்டு வாருங்கள், அன்றாடம் போடும் உறையையும் பெல்ட்டையும் சேர்த்து எடுத்து வாருங்கள். எந்தப் பூச்சு என்பதை அவற்றைப் பார்த்த பிறகு சொல்கிறேன்.